இங்கிலாந்தைத் திருப்பிய பனிக்காலம்

மரியம்மா அக்காவுக்கும் எனக்கும் இருந்த பிணக்கு ஒரே ஒரு சொல்லைப் பற்றியது. காணி எல்லைக்காக வழக்காடியவர்களையும், சீதனத்துக்காகக் கலியாணத்தை முறித்தவர்களையும் மட்டக்களப்பில் நான் அறிவேன். நாங்கள் இருவரும் ஒரு வினையெச்சத்துக்காகப் பகைத்துக்கொண்டோம். 'திரும்பி' என்பது அச்சொல். அதன் பொருட்டு 1986ஆம் ஆண்டு ஐப்பசி முதல் மறு ஆண்டு பங்குனி வரை ஒரு திருமணம் காத்து நின்றது.

என் ஒரே மகள் கிறேஸும், அக்காவின் இளைய மகன் வின்சன்டும் மட்டக்களப்புக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், ஒரே பகுதியில் எழுதுவினைஞராக இருந்தவர்கள். அங்கேதான் விருப்பம் உண்டாயிற்று. நாங்கள் மெதடிஸ்த சபையார். அவர்கள் ரோமன் கத்தோலிக்கர். என் சிறுவயதில் அவர்கள் எங்களைத் திருச்சபையை விட்டு விழுந்த பதிதர் என்பார்கள்; நாங்கள் அவர்களைச் சிலைகும்பிடிகள் என்போம். ஒரே சந்தையில் மீன் வாங்குவோம். ஒருவர் சாவீட்டுக்கு மற்றவர் போவோம். பெண் மட்டும் கொடுக்கவும் மாட்டோம், எடுக்கவும் மாட்டோம். ஆகவே 1983ஆம் ஆண்டின் முற்பகுதியில் வின்சன்ட் என்னிடம் நேரே வந்து கேட்டபோது, "பார்ப்போம்" என்று மட்டும் சொன்னேன். அந்தப் 'பார்ப்போம்' முடியுமுன் நாடு கெட்டது. 1985 தொடக்கத்தில் கிறேஸை அழைத்துக்கொண்டு கடல் கடந்து, பிரெஞ்சு பேசும் இந்தப் பனி ஊரின் மிராபெல் விமான நிலையத்தில் வந்திறங்கி, அகதி என்று சொன்னேன். என் மனைவி செல்வமலர் இறந்து அப்போது ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. வின்சன்ட், மணமாகாத தமக்கை மனோகரியைத் தனியே விட்டுவர மனமின்றி ஊரிலேயே நின்றுவிட்டான்.

மரியம்மா அக்கா எங்களுக்கு முன்பே வந்தவர். மூத்த மகன் யோசெப் எழுபதுகளிலேயே பொறியியலாளராக வந்து, பியர்பொன்ட்ஸில் வீடு வாங்கித் தாயை அழைத்திருந்தார். நானும் மகளும் கோட்-டெ-நேஜில் ஓர் அடுக்குமாடியின் மூன்றாம் தட்டில் வசித்தோம். கிறேஸ் டவுன்டவுனில் ஒரு ஹோட்டலில் அறைகளைத் துப்புரவு செய்தாள். அங்கே கூட வேலை செய்த பெண்களிடமிருந்து ஓராண்டுக்குள் பிரெஞ்சைச் சரளமாகப் பேசக் கற்றுக்கொண்டாள்.

1986 புரட்டாதியில் அவளுக்கு நிரந்தர வதிவுரிமை கிடைத்தது. இனி அவள் வின்சன்டைத் தன் மணமகனாக இந்நாட்டுக்கு அழைக்கலாம். திருமணம் இன்ன இடத்தில் நடைபெறும் என்று ஒரு கடிதம் விண்ணப்பத்தோடு இருக்கவேண்டும் என்றார்கள். அதைப் பேசி முடிக்கவே ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை நாங்கள் பேருந்தில் ஒன்றரை மணி நேரம் பயணஞ்செய்து பியர்பொன்ட்ஸுக்குப் போனோம்.

அக்கா அன்று மிகுந்த மகிழ்ச்சியோடு இருந்தார். காலையில் குழாய் திருத்துவதற்கு இரண்டு பேர் வந்து போயிருந்தார்கள்.

"மாஸ்டர், இந்த ஊர் ஆக்களிர பக்தியைப் பார்க்கவேணும்! தண்ணிக் குழாய் திருத்தேக்கயும் செபம்தான். 'ஓஸ்தி' எண்டுறான் ஒருவன், மற்றவன் 'காலிஸ்' எண்டுறான். நற்கருணையை நினைச்சுக்கொண்டே வேலை செய்யிறானுகள். நான் தேத்தண்ணி குடுத்து, 'ஆமென்' எண்டும் சொன்னன்."

யோசெப் வாயிலிருந்த தேநீரை மேசையில் கொட்டிவிட்டார். "அம்மா, அது செபமில்லை. தூசணம். இஞ்ச கோபம் வந்தா கோயில் சாமான்களிர பேரைச் சொல்லித்தான் ஏசுவாங்கள்."

"தூசணமா!" அக்கா நெஞ்சில் சிலுவை வரைந்தார். "தூசணத்துக்கா நான் ஆமென் சொன்னன்? அதுதான் அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தவன்."

கிறேஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த நாளோடு சரி.

சிரிப்பு அடங்கியதும் அக்கா மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து வந்தார். தம் கையாலேயே எழுதியிருந்தார். ஊரில் பெண் எடுக்கும்போது பழைய சுவாமிமார், அதாவது கத்தோலிக்கக் குருமார், எழுதி வாங்குகிற வாசகத்தை நினைவிலிருந்து எழுதியதாகச் சொன்னார். 'ஞானசுந்தரத்தின் மகள் கிறேஸ் ஆகிய நான், என் தாயாகிய கத்தோலிக்கத் திருச்சபைக்குத் திரும்பி வந்து, அதன் போதனைகள் அனைத்தையும் விசுவசிக்கிறேன்' என்று இருந்தது. அதன் கீழே மகளுக்கு ஒரு கோடும் தகப்பனுக்கு ஒரு கோடும் கையெழுத்துக்காக விடப்பட்டிருந்தன.

"இதில கையெழுத்து இல்லாம எந்தச் சுவாமியும் கட்டிவைக்கமாட்டார், மாஸ்டர். உங்களுக்குத் தெரியாததா?"

எனக்கும் தெரியும். எங்கள் சபையில் இருந்து அப்படிக் கையெழுத்து வைத்துப் போன இரண்டு பெண்களை நான் அறிவேன். ஒருத்தியின் பெயரை எங்கள் சபையேட்டிலிருந்து வெட்டியபோது பக்கத்திலே நின்றேன்.

"அக்கா, எனக்கு ஒரு சந்தேகம். திரும்பி வாறதெண்டா முதல்ல அங்க இருந்திருக்கவேணும். நாங்க எப்ப உங்கட கோயில்ல இருந்தனாங்க?"

"உலகத்தில எல்லாரும் முதல்ல நம்மடதானே? உங்கட லூத்தர் எங்கயிருந்து போனவர்?"

"லூத்தர் எனக்கு மாமனா, மச்சானா? என்ர கொப்பாட்டன் முருகன் கோயில்ல புராணம் படிச்ச மனுசன். அங்கயிருந்துதான் மெதடிஸ்த சபைக்கு வந்தவர். திரும்பிறதெண்டா என்ர மகள் முருகனிட்டத்தான் திரும்பவேணும்."

"பகிடி விடாதீங்க, மாஸ்டர்."

"பகிடி இல்லை. 'சேர்ந்து' எண்டு எழுதுங்க. இப்பவே கையெழுத்து வைக்கிறன்."

"சேர்ந்தா? வாசிகசாலையில சேர்றமாதிரியா? தாயிட்டப் பிள்ளை சேர்றதில்ல, மாஸ்டர், திரும்பி வாறது."

நான் மூடியை மூடிப் பேனாவைச் சட்டைப் பையில் வைத்தேன். நீதிமன்றத்திலே எழுதிக்கொள்ளலாமே என்று யோசெப் மெதுவாகச் சொன்னார். தாலியோ மோதிரமோ பீடத்துக்கு முன் ஏறாத கலியாணம் கலியாணமா என்று அக்கா அழுதார். எல்லோரும் கிறேஸைப் பார்த்தோம்.

"நீங்க ரெண்டு பேரும் முழு மனசா ஓம் எண்டு சொல்லுங்க," என்றாள் அவள். "அதுக்குப் பிறகு நான் கட்டிறன். அப்பா வைக்காத தாளில நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

திரும்பும் பேருந்தில் அந்த வார்த்தையை எண்ணி நான் பெருமைப்பட்டேன். நன்றாக வளர்த்திருக்கிறேன் என்று நினைத்தேன். இதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

குடிவந்தோருக்கு அரசாங்கம் நடத்திய பிரெஞ்சு வகுப்புக்கு நான் நாள்தோறும் காலையில் போய்க்கொண்டிருந்தேன். அறுபத்து நான்கு வயதில் மறுபடியும் மாணவன். ஆசிரியை பெயர் மடம் லூசியென். கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், நடவாத ஒன்றை நடந்ததாக வைத்துச் சொல்லும் வாக்கியங்களைக் கற்பித்தார். தமிழிலே 'இருந்திருந்தால், இருந்திருக்கும்' என்கிறோமே, அதுதான். வரலாற்றில் ஒரு நிகழ்ச்சியை மாற்றிவைத்துப் பத்து வாக்கியம் எழுதி வரும்படி வீட்டுவேலை தந்தார்.

முப்பத்தைந்து ஆண்டுகள் இங்கிலாந்து வரலாறு கற்பித்தவனுக்கு அது கற்கண்டாயிற்று. மனத்திலே அக்காவின் தாள் முள்ளாக இருந்தது. 'திரும்புதல்' என்ற சொல்லை எங்கே வழங்கலாம், எங்கே வழங்கலாகாது என்று நிறுவிக் காட்ட விரும்பினேன். ஆயிரம் ஆண்டு கத்தோலிக்க நாடாக இருந்த இங்கிலாந்து, 1534இல் உரோமையை விட்டுப் பிரிந்தது. இருபது ஆண்டு கழித்து மேரி அரசியின் காலத்தில் பாராளுமன்றத்தார் முழந்தாளிட்டு மன்னிப்புப் பெற்றனர். மறு ஆண்டு அரசி கருவுற்றிருக்கிறார் என்று தொட்டில் செய்துவைத்தார்கள். பிள்ளை பிறந்துவிட்டது என்று இலண்டனில் மணிகளைக்கூட ஒலித்துவிட்டார்கள். பிள்ளை பிறக்கவில்லை, கருவே இருந்ததில்லை. அரசி இறந்தபின் நாடு மறுபடி சீர்திருத்த மார்க்கத்துக்குப் போயிற்று. இவ்வளவும் நடந்தவை. நான் என் வாக்கியங்களில் அந்தத் தொட்டிலில் ஓர் ஆண்பிள்ளையைக் கிடத்தினேன். இங்கிலாந்து உரோமைக்குத் திரும்பியபடியே நிலைத்துவிட்டது. இதற்குப் பெயர்தான் திரும்புதல், மரியம்மா அக்கா, என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

மடம் லூசியென் என் தாளைப் படித்துவிட்டு, வகுப்பு முடிந்ததும் என்னை நிற்கச் சொன்னார். தாம் பதினொரு ஆண்டுகள் கன்னியாஸ்திரீயாக இருந்ததாகவும், பிறகு வெளியே வந்துவிட்டதாகவும் கூறினார். "முழுமையான கத்தோலிக்க நாடு எப்படியிருக்கும் என்று அறிய நீங்கள் இவ்வளவு சிரமப்பட்டிருக்க வேண்டாம், ஐயா. முப்பது ஆண்டு முந்தி இங்கே வந்திருந்தால் போதும். என் தாய்க்கு அடுத்த பிள்ளை ஏன் இன்னும் இல்லை என்று சுவாமியார் வீட்டுக்கே வந்து கேட்பார்." பின்னர் வினைமுடிபுகளில் ஏழு பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தித் தந்தார்.

பத்து வாக்கியத்தோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஒரு தடித்த கொப்பி வாங்கி, தமிழிலே தொடர்ந்து எழுதத் தொடங்கினேன். வெளியே பனி விழுந்தது. உள்ளே நான் இடிந்த மடாலயங்களின் கூரைகளுக்கு மறுபடி ஈயத்தகடு வேய்ந்தேன். 1588இல் ஸ்பானியக் கப்பல்கள் போருக்கு வராமல் திராட்சைரசப் பீப்பாய்களோடு விருந்துக்கு வந்தன. கிறேஸ் மாலையில் வேலையால் வந்து, நனைந்த சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கேட்பாள்:

"என்னப்பா, இங்கிலாந்தைத் திருப்பி முடிச்சிட்டீங்களா?"

"எங்க முடியிறது? 1588இல நிக்கிறன்."

"அப்ப என்ர கலியாணத்துக்கு இன்னும் நானூறு வருசம் இரிக்கு."

விளையாட்டாகத்தான் சொல்வாள். சொல்லிவிட்டுக் குசினிக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுவாள். அது வெகு நேரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

மார்கழியில் வின்சன்டின் கடிதம் வந்தது. நான் வாசிக்கலாம் என்று கிறேஸ் அதை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அவன் கையெழுத்து அழகானது, சந்திப்பிழைகூட இராது. 'இப்போது இரவில் வீட்டில் படுப்பதில்லை. படையினரின் சுற்றிவளைப்பு எப்போது வரும் என்று தெரியாது. சென்ற கிழமை எங்கள் கச்சேரியில் இருவரைக் கொண்டுபோனார்கள்; ஒருவர் வந்துவிட்டார். மாமாவை நெருக்கவேண்டாம். அவர் ஓம் என்றால் முழு மனதோடு ஓம் என்பவர். அதுவரை நான் கவனமாக இருப்பேன்.'

என்னை அவன் 'மாமா' என்று எழுதியது அதுவே முதல் தடவை. கடிதத்தை மடித்து உறையில் வைத்தேன். அன்று மாலை அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். "அந்தச் சொல்லை மாத்திறீங்களா, அக்கா?" என்று கேட்டேன். "நீங்க மாறுங்க, மாஸ்டர்," என்றார். ஆகவே நான் கொப்பியிடம் போனேன். மகன் வீட்டுக்கு வெளியே எங்கோ படுக்கிறான் என்று அறிந்த தாயும், அதை அறிந்த நானும் இப்படியும் பேசினோம்.

தை, மாசி மாதங்களில் என் இங்கிலாந்து வளர்ந்தது. அதன் கப்பல்கள் ஒல்லாந்தரைத் துரத்தி இலங்கைக்கு வந்தன. உண்மையில் 1814இல் எங்கள் மட்டக்களப்புக்கு ஆங்கிலேய மெதடிஸ்த போதகர் வந்தார். என் கொப்பிக்குள் ஆங்கிலேயக் கத்தோலிக்கச் சுவாமியார் வந்தார். முருகன் கோயிலில் புராணம் படித்த என் கொப்பாட்டன் அவர் கையால் ஞானஸ்நானம் பெற்றார். அவர் பிள்ளைகள், பேரர்கள், நான், எல்லோரும் கத்தோலிக்கர். வின்சன்டின் வீட்டாரும் கத்தோலிக்கர். 1983இல் அவன் வந்து கேட்கிறான். நான் 'பார்ப்போம்' என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை.

அங்கே ஓர் இடறல் வந்தது. மெதடிஸ்தப் பெண்கள் பாடசாலை இல்லையென்றால், யாழ்ப்பாணத்திலிருந்து செல்வமலர் ஆசிரியையாக மட்டக்களப்புக்கு வந்திருக்கமாட்டாள். நானும் அவளைக் கண்டிருக்கமாட்டேன். கிறேஸ் பிறந்திருக்கவே மாட்டாள். மூன்று நாள் பேனாவைத் தொடாமல் இருந்தேன். பின்னர், வரலாறு கற்பித்தவன் செய்யக்கூடாத களவைச் செய்தேன். ஒரு கன்னியர் மடத்தை அந்த இடத்தில் கட்டி, அதில் செல்வமலரை ஆசிரியையாக்கி, புகையிரதத்தில் ஏற்றிக் கொண்டுவந்தேன். காரணம் எதுவும் எழுதவில்லை. அவள் வந்தாள் என்று மட்டும் எழுதினேன்.

பங்குனி முதற் கிழமையில் கடைசிப் பக்கத்தை அடைந்தேன். புளியந்தீவுக் கோயிலில் 1983 ஆவணியில் திருமணம். வின்சன்டுக்குச் சாம்பல்நிற உடுப்பு. கிறேஸை நான் கையைப் பிடித்துப் பீடத்துக்கு அழைத்துப் போகிறேன். செல்வமலரை அதுவரை உயிரோடு வைத்திருந்தேன். அவள் முன்வரிசையில் இருக்கிறாள். எழுதி முடித்து நிமிர்ந்தபோது, கிறேஸ் யன்னலோரம் நின்று ஹோட்டல் சீருடையை அழுத்திக்கொண்டிருந்தாள். முப்பது வயதில் காதோரம் நரைத்திருந்தது. அதை அன்றுதான் கண்டேன்.

ஒரு நாட்டையே திருப்ப எனக்கு நான்கு மாதம் போதுமாயிருந்தது. அந்தத் தாளில் கையெழுத்து வைக்க ஒரு நிமிடமும் ஆகாது.

"புள்ள, நாளைக்குப் பியர்பொன்ட்ஸுக்குப் போவம்," என்றேன். "எந்தச் சொல்லு இருந்தாலும் வைக்கிறன்."

அவள் மின்னழுத்தியை நிமிர்த்தி வைத்துவிட்டு, என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்சல் இல்லையே," என்றாள். பிறகு என் தோளில் முகத்தை வைத்து அழுதாள்.

மறுநாள் அக்கா கதவைத் திறந்ததும், நான் வாய் திறக்குமுன் தாளை நீட்டினார். 'திரும்பி வந்து' என்பதை வெட்டி, மேலே 'சேர்ந்து' என்று எழுதியிருந்தார்.

"தபசு காலம் தொடங்கிற்று, மாஸ்டர். ஆண்டவருக்கு என்ன ஒறுத்தல் செய்யலாமெண்டு யோசிச்சன். இறைச்சி நான் முந்தியே தின்னிறயில்ல. அதுதான் இந்தச் சொல்லை விட்டுட்டன்."

"நான் பழைய சொல்லுக்கே கையெழுத்து வைக்கத்தான் வந்தனான், அக்கா."

"அப்ப மறுகா மாத்தி எழுதட்டா?" என்றார். யோசெப் பதறிப்போய்த் தாளைப் பறித்து, "இனி ஒருத்தரும் இதைத் தொடப்படாது!" என்றார். எல்லோரும் சிரித்தோம். கிறேஸும் நானும் கையெழுத்து வைத்தோம். திருமணக் கடிதத்தை, சுவாமியார் இல்லாத வேளையில், பங்குக் காரியாலய எழுத்தரிடம் கேட்டு வாங்கி, பத்திரங்களோடு சேர்த்துக் கிறேஸ் செவ்வாய்க்கிழமை தபாலிலே சேர்த்தாள்.

வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து மனோகரி யோசெப்புக்குத் தொலைபேசியில் பேசினாள். அதற்கு ஐந்து நாள் முந்திய சுற்றிவளைப்பில் வின்சன்டைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். மூன்றாம் நாள் வாவிக்கரையில் உடல் கிடந்தது. சட்டையைக் கொண்டு தமக்கை அடையாளம் காட்டினாள். அடக்கமும் முடிந்துவிட்டது.

நாங்கள் இரண்டு பேரும் 'சேர்ந்து', 'திரும்பி' என்று சிரித்துக்கொண்டிருந்த பொழுதுக்கு மறுநாள் அவனைப் பிடித்திருக்கிறார்கள். நாளைக் கணக்கிட்டுப் பார்த்தவள் கிறேஸ். மார்கழியில் கடிதம் கிடைத்தவுடன் பத்திரங்களை அனுப்பியிருந்தால் அவன் எங்கே இருந்திருப்பான் என்று நான் கணக்கிட்டேன். அதற்குக் கொப்பி தேவைப்படவில்லை.

மரித்தவனுக்காகப் பூசை கேட்க, பியர்பொன்ட்ஸ் பங்குத் தந்தையிடம் நாங்கள் மூவரும் போனோம். யோசெப் பயணச்சீட்டுக்காக அலைந்துகொண்டிருந்தார். சுவாமியார் இளவயதினர், கம்பளிச் சட்டை அணிந்திருந்தார். அக்காவுக்கு வேற்றுமொழி எதுவும் தெரியாது. நானும் என் வகுப்புப் பிரெஞ்சை நம்பவில்லை. கிறேஸ் பேசினாள், அவர் சொல்வதை எங்களுக்குத் தமிழில் சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பூசை வைக்கலாமாம்."

"பாட்டுப் பூசையா எண்டு கேள், புள்ள," என்றார் அக்கா.

கேட்டாள். ஓம் என்றார். பிறகு அவர் கிறேஸைப் பார்த்து ஏதோ வினவினார்.

"நான் ஆரெண்டு கேக்கிறார். சொன்னன்."

அவர் வருத்தத்தோடு தலையை ஆட்டி, மறுபடி ஒன்று கேட்டார். கிறேஸ் சிறிது நேரம் பேசினாள். பேச்சின் நடுவே அக்காவின் கைப்பையிலிருந்து அந்தத் தாளை வாங்கி, அவருக்குக் காட்டினாள். தமிழ் எழுத்தை அவர் ஒன்றும் விளங்காமல் பார்த்தார். அவள் விளக்கினாள். அவர் தாளை மேசையில் வைத்துவிட்டு, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசினார். கிறேஸ் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். எங்களுக்குச் சொல்லவில்லை.

"என்னவாம் புள்ள?" என்றார் அக்கா.

"இந்தத் தாள் தேவையில்லையாம்."

"இனி என்னத்துக்கு? அது தெரியும்தானே."

"இனி இல்லை, அன்ரி. முந்தியும்தான்." அவள் குரல், வகுப்பில் பாடம் ஒப்புவிக்கும் பிள்ளையின் குரலாக இருந்தது. "நான் மெதடிஸ்தாவே இருந்திருக்கலாமாம். ஒண்டிலயும் சேரவும் தேவையில்லையாம், திரும்பவும் தேவையில்லையாம். பிஷப் மேற்றிராணியாரிட்ட அனுமதி மட்டும் கேக்கவேணுமாம். ரெண்டு கிழமையில வந்திருமாம். பதினாறு வருசமா இப்படித்தானாம். மாசத்துக்கு ஒண்டு ரெண்டு அவரே கட்டிவைக்கிறவராம்."

1555ஆம் ஆண்டைத் திருத்துவதற்கு நான்கு மாதம் உட்கார்ந்திருந்தவனுக்கு 1970ஆம் ஆண்டு உரோமை அந்தச் சட்டத்தைத் தளர்த்தியது தெரியாது. ஊரில் எங்கள் இளமையில் இருந்த சட்டம் எங்கள் இருவருக்கும் மனப்பாடம். அது மாறியிருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இத்தனைக்கும் அந்தச் சுவாமியாருக்கு ஆங்கிலமும் தெரியும் என்று பின்பு அறிந்தேன். எனக்கும் ஆங்கிலம் தெரியும்.

சுவாமியார் மீண்டும் ஏதோ கேட்டார். மிகவும் இரக்கமாகவே கேட்டார்.

கிறேஸ் என்னையும் பார்க்கவில்லை, அக்காவையும் பார்க்கவில்லை. மேசையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நாலஞ்சு மாசமா ஏன் ஒருத்தரும் வந்து தன்னிட்டக் கேக்கயில்லை எண்டு கேக்கிறார். என்ன சொல்லட்டும், அப்பா?"

அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். நான் என் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சுவாமியார் எங்கள் இருவருக்கும் தண்ணீர் கொண்டுவரப் போனார்.

வெள்ளிக்கிழமைப் பூசையில் கிறேஸ் பின்வரிசையில் மேலங்கியைக் கழற்றாமல் இருந்தாள். நற்கருணை நேரத்தில் அக்கா திரும்பிப் பார்த்துக் கையால் அழைத்தார், அவள் எழும்பவில்லை. அடுத்த ஞாயிறு நான் எங்கள் சபைக்குப் புறப்பட்டபோது, "நீங்க போங்க, அப்பா," என்றாள். மூன்று ஞாயிறு அப்படியே கழிந்தது. அதுவரை அவள் என்னை ஏசுவாள், ஏசினால் தாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். அவள் சமைத்தாள், என் மருந்தை நேரத்துக்கு எடுத்து வைத்தாள், பாதி வாசித்த பத்திரிகையை எனக்கு விட்டுவைத்தாள். ஏசவில்லை.

சித்திரை முடிவில், ஹோட்டலில் கூட வேலை செய்யும் இரு பெண்களோடு டவுன்டவுனில் ஓர் அறை பார்த்திருப்பதாகச் சொன்னாள். ஒரு சூட்கேசும் ஒரு துணிப்பையும். வாசலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அரிசிப் பேணி அலுமாரியில கீழ்த்தட்டில இரிக்கு. சீனிக் குளிசை மறக்காதீங்க."

"ஓம், புள்ள."

"போறன், அப்பா."

எங்களவர் எவரும் வீட்டுவாசலில் அப்படிச் சொல்வதில்லை. 'போயிட்டு வாறன்' என்றுதான் சொல்வார்கள். கிறேஸும் பிறந்த நாள் முதல் 'போறன்' என்று சொன்னவளல்லள். முப்பத்தைந்து ஆண்டுகள் பிள்ளைகளின் பிழைகளைத் திருத்திய நான், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். படியிறங்கும் ஓசை முதற்றட்டு வரை கேட்டது.

மரியம்மா அக்காவும் நானும் இப்போது பகையில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில், அவர் பூசையாலும் நான் ஆராதனையாலும் வந்தபின், தொலைபேசியில் பேசுவார்.

"மாஸ்டர், புள்ள வந்தவளா?"

"இல்லை, அக்கா. அங்க?"

"இஞ்சயும் இல்ல. இறால் வாங்கி ஆக்கி வச்சன். யோசெப் ஹோட்டலடியில ஒருநாள் கண்டவனாம். மெலிஞ்சிட்டாளாம். தலைமயிரைக் கட்டையா வெட்டியிரிக்காளாம்."

"சாப்பிடுறாளாமா?"

"கேட்டவனாம். 'ஓம் அண்ணை' எண்டாளாம்."

அக்காவின் பக்கத்தில் ஏதோ ஒரு சட்டி மூடப்படும் ஓசை கேட்டது.

"மாஸ்டர், நீங்க தகப்பன். ஒருக்காப் போய்க் கூப்பிட்டா என்ன?"

"என்னெண்டு சொல்லிக் கூப்பிடுறது, அக்கா? 'திரும்பி வா' எண்டா?"

"அதுதானே," என்றார்.